வரைபடமும் பட்டறையும்

யந்திரத் தொழிலைப் பற்றி நாம் எழுதப் புகுந்தால், இது இஞ்சினீயர்களின் வீட்டு விவகாரமாயிற்றே, அரசியல் தொண்டர்களுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். தேசத்துக்கு வேண்டியதைத் தேசமே செய்துகொள்ள வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள், ஒரு பொருள் எவ்வாறு உருவாகிறது, எந்த இடத்தில் அது தடைப்பட்டு நிற்கிறது என்பதையும் சிறிது ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதே நமது பதில். பணம் இல்லாததாலும் அறிவு இல்லாததாலுமே நம்முடைய தொழில்கள் பின்தங்குகின்றன என்று எண்ணுவது பொதுவான வழக்கம். பணமும் அறிவும் இருந்தும், ஒரு பொருளை யோசித்து வரைகிறவனும் அதைக் கையால் செய்கிறவனும் ஒருவரையொருவர் பாராமல் வேலை செய்வதனால் விளைந்த நஷ்டத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

முதலில் நல்ல செய்தியிலிருந்து தொடங்குவோம். சென்னைப் பெரம்பூரிலுள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி ஜவாஹர்லால் நேருவினால் திறந்துவைக்கப்பட்டது. ஸ்விட்ஜர்லாந்து தேசத்துக் கம்பெனி ஒன்றின் ஒத்துழைப்புடன், அக்கம்பெனியின் வரைபடங்களைக் கொண்டே அங்கு வேலை ஆரம்பமாயிற்று. அறுபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், 2018-ல், அதே தொழிற்சாலை எஞ்சின் தனியாக இல்லாமல் தானே ஓடக்கூடிய 16 பெட்டிகள் கொண்ட ஒரு புதிய வண்டியைச் சுமார் 18 மாதங்களில் செய்து முடித்தது. அந்த வருஷத்தை வைத்தே அதற்கு 'டிரெயின் 18' என்று பெயர் வழங்கிற்று. பரீட்சை ஓட்டத்தில் அது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. 2019 பிப்ரவரி 15-ந் தேதி, 'வந்தே பாரத்' என்ற பெயரோடு அது டில்லியிலிருந்து காசிக்குப் புறப்பட்டது.

சில அம்சங்களில் வெளி ஆலோசகர்களின் உதவி பெறப்பட்டது உண்மையே. சில பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்ததும் உண்மையே. எனினும், வண்டியை வரைந்தவர்களும் அதைச் செய்தவர்களும் ஒரே மதிற்சுவருக்குள் ஒரே தலைமையின் கீழ் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. படத்தில் ஒரு சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்க்கக் கடிதம் எழுதி ஊர் ஊராக அனுப்ப வேண்டியிருக்கவில்லை. வரைந்தவர் பட்டறைக்கு நடந்து போகலாம். பட்டறைக்காரர் வரைபட அறைக்கு நடந்து வரலாம். பதினெட்டு மாதங்களின் மர்மத்தில் பெரும்பகுதி இந்தச் சில நூறு அடிகளில் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு மாறான வழக்கம் எப்படிப்பட்டது என்பதைப் பார்ப்போம். பல தொழிற்சாலைகளில் வரைகிறவர் தம் வேலையை முடித்துக் கையெழுத்திட்டுப் படத்தை அனுப்பிவிடுகிறார். அதன்பின் அது அவருடைய பொறுப்பன்று. பட்டறையில் அதை வாங்கிப் பார்க்கும் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொள்கிறார். ஏன்? ஒரு சிறு உதாரணம் கூறுவோம். உலோகத்தில் ஒரு பள்ளம் குடைய வேண்டும். அதன் உட்புற மூலைகள் நாலும் கூர்மையாக, செங்கோணமாக இருக்க வேண்டும் என்று படம் சொல்கிறது. காகிதத்தில் அப்படி வரைவதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் குடைகின்ற வெட்டுளி சுழலுவது. சுழலுவது எதுவோ அது வட்டமான மூலையைத்தான் விட்டுச் செல்லும். கூர்மையான மூலை வேண்டுமானால் வேறு யந்திரத்தில் வேறு முறையில் மறுபடியும் வேலை செய்ய வேண்டும். செலவு பல மடங்காகும். அந்த மூலை கூர்மையாக இருந்துதான் தீர வேண்டுமா என்று விசாரித்தால், பெரும்பாலும் அவசியமில்லை என்றே தெரியவரும். வரைந்தவருக்கு அது தோன்றவில்லை, கேட்பாருமில்லை.

இன்னொன்று. ஒரு துவாரத்தின் அளவில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடக் குறைய இருந்தாலும் கெடுதலில்லை என்ற இடத்தில், நூற்றில் ஒரு பங்குக்கு மேல் பிசகக்கூடாது என்று எழுதிவிடுவார்கள். கண்டிப்பாக எழுதினால் நல்லதுதானே என்பது எழுதுகிறவரின் எண்ணம். அந்த ஒரு எழுத்தினால் சாதாரண யந்திரத்தில் முடிய வேண்டிய வேலை விலையுயர்ந்த யந்திரத்துக்குப் போகிறது; நல்ல சாமான்கள் கழிவென்று தள்ளப்படுகின்றன. வார்ப்பட வேலையிலும் இதே கதைதான். ஓரிடத்தில் தடிப்பாகவும் அடுத்த இடத்தில் மெல்லியதாகவும் வரைந்துவிட்டால், உருகிய உலோகம் ஒரே சீராக ஆறாமல் உள்ளே பொத்தல் விழும், அல்லது வெடிக்கும். வார்ப்படக்காரன் இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். ஆனால் அச்சு தயாரான பிறகு அவன் சொல்லி என்ன பயன்?

காகிதத்தில் உள்ள பிழையை அழிக்க ஒரு ரப்பர் போதும். அச்சும் சாதனங்களும் செய்த பிறகு அதே பிழையைத் திருத்த ஆயிரங்கள் வேண்டும். பொருள் வெளியே போய் ஜனங்கள் உபயோகிக்கத் தொடங்கிய பிறகு திருத்துவதானால் லக்ஷங்களும் கோடிகளும் போதாது. சில சமயம் உயிர்களையும் விலையாகக் கொடுக்க நேரும். ஆகையால், பட்டறையின் குரல் எந்தக் கட்டத்தில் வரைபட அறைக்கு எட்டுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு தொழிலின் லாப நஷ்டம் நிர்ணயமாகிறது.

இது ஏழைத் தேசங்களின் நோய் மட்டுமன்று. ஐரோப்பாவின் ஏர்பஸ் கம்பெனி, உலகத்திலேயே மிகப் பெரிய பிரயாணி விமானமான ஏ380-ஐ நிர்மாணிக்கையில் பட்ட பாடு இதற்குச் சரியான சாக்ஷி. அந்த விமானத்துக்குள் ஓடும் மின்சாரக் கம்பிகளின் நீளம் சுமார் 530 கிலோமீட்டர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் உடற்பகுதிகளைச் செய்து கம்பிகளைப் பொருத்தி, பிரான்ஸிலுள்ள தூலூஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பகுதிகளை இணைக்கப் பார்த்தபோது கம்பிகள் எட்டவில்லை! காரணம் என்னவென்றால், ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் படம் வரையும் கம்ப்யூட்டர் சாதனத்தின் பழைய பதிப்பையும், தூலூஸில் இருந்தவர்கள் அதன் புதிய பதிப்பையும் உபயோகித்து வந்தார்கள். ஓரிடத்தில் செய்த மாறுதல் மற்றோரிடத்தில் சரிவர விளங்கவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கம்பிகளைப் பிரித்து மறுபடியும் கையால் இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. முதல் விமானம் சுமார் இரண்டு வருஷம் தாமதித்து 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 480 கோடி யூரோ லாபம் குறையும் என்று 2006-ல் தாய்க் கம்பெனியே அறிவித்தது. தலைமைப் பதவிகளில் இருந்தவர்கள் விலக நேர்ந்தது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனிமேல் வரைகிறவனும் செய்கிறவனும் கூடிப் பேச வேண்டியதில்லை என்று கருதுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இரண்டு நகரங்களிலும் கம்ப்யூட்டர் இருந்தது, நிபுணர்கள் இருந்தார்கள், பணம் ஆறாக ஓடியது. ஒரே சாதனத்தின் ஒரே பதிப்பை எல்லோரும் கையாள வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கட்டளையிட ஒரு தலைமை மாத்திரம் இல்லை. அவரவர் ஊர் வழக்கம் அவரவருக்கு உயர்ந்ததாகத் தோன்றிற்று.

அமெரிக்காவின் போயிங் கம்பெனியின் சரித்திரமோ இன்னும் விசித்திரமானது. 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் 777 என்னும் விமானத்தை உருவாக்கியபோது, வரைகிறவர், செய்கிறவர், சாமான் வாங்குகிறவர், பழுது பார்க்கிறவர் ஆகிய யாவரையும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட சிறு குழுக்களாக அக்கம்பெனி வகுத்தது. மெக்கானிக்குகளின் சார்பில் பேசுவதற்கென்றே ஒரு தலைமை மெக்கானிக்கை நியமித்தது. விமானத்தை வாங்கப்போகும் கம்பெனிகளின் பிரதிநிதிகளையும் அழைத்து உட்கார வைத்தது. எரிபொருள் ஊற்றும் இடம் தங்கள் ஏணிகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்காட்டியது படத்தில் இருக்கும்போதே கவனிக்கப்பட்டது. 1994 ஜூனில் பறந்த அந்த விமானம் 1995 ஜூனில் சேவைக்கு வந்தது. அதே கம்பெனி அடுத்துச் செய்த 787 விமானத்தில், வரைவதையும் பெரும்பகுதிகளைச் செய்வதையும் பல தேசத்துக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. 2007 ஜூலை 8-ந் தேதி ஆரவாரத்தோடு ஜனங்களுக்குக் காட்டப்பட்ட விமானம் உள்ளே பூர்த்தியாகாத வெறுங்கூடு. அது வானத்தில் ஏறியது 2009 டிசம்பர் 15-ந் தேதி! ஒருமுறை கற்ற பாடம் எந்நாளும் கைவசம் இருக்கும் என்ற நிச்சயமில்லை. ஒத்துழைப்பு என்பது பயிரைப்போல. வருஷந்தோறும் உழுது விதைத்தால்தான் விளையும்.

ஜப்பானியர் இதை எளிய முறையில் சாதித்தார்கள். டொயோட்டா கம்பெனி 1990-களில் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் பிரியஸ் மோட்டாரை உருவாக்கியபோது, அதன் தலைமை இஞ்சினீயரான தகேஷி உச்சியமாதா ஒரு பெரிய அறையை ஏற்பாடு செய்தார். வெவ்வேறு இலாகாக்களின் பொறுப்பாளர்கள் அங்கே கூடுவார்கள். படங்களும் கணக்குகளும் தடைகளும் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டிருக்கும். 'ஓபேயா', அதாவது 'பெரிய அறை', என்பதே அந்த முறையின் பெயர். 1997 டிசம்பரில் மோட்டார் விற்பனைக்கு வந்தது. ஒரு அறையும் நாலு சுவரும் எந்தத் தேசத்தாலும் வாங்க முடியாத பொருள்கள் அல்லவே!

இனி நம் தேசத்துக்கு வருவோம். வரைபடமும் பட்டறையும் இங்கே பிரிந்து நிற்பதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் ரயில் எஞ்சின் 1895-ல் ஆஜ்மீர் பட்டறையிலிருந்து வெளிவந்தது. நம் தொழிலாளிகளுக்குத் திறமை இல்லை என்பதை அன்றே அது பொய்யாக்கிவிட்டது. எனினும், 1950-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலை வேலை தொடங்கும் வரை பெரும்பாலான எஞ்சின்கள் கப்பலேறித்தான் வந்தன. யோசிப்பது சீமையில், பழுது பார்ப்பது இங்கே என்ற ஏற்பாடு அன்னிய ஆட்சிக்கு அனுகூலமாயிருந்தது. ஆட்சி போய்விட்டது, அந்த ஏற்பாடு கற்பித்த மனோபாவம் முற்றிலும் போகவில்லை. லண்டன் இருந்த ஸ்தானத்தில் நாமே ஒரு வரைபட அறையை வைத்துக்கொண்டு, பட்டறையைப் பழைய ஸ்தானத்திலேயே நிறுத்தியிருக்கிறோம்.

இதற்கு அன்னியனை மாத்திரம் குறை கூறுவது நியாயமாகாது. எழுதுகிற கை உயர்ந்தது, சம்மட்டி பிடிக்கிற கை தாழ்ந்தது என்ற ஜாதிப் புத்தி நம்முடைய சொந்த ஆஸ்தி. சட்டையில் எண்ணெய்க் கறை படுவதைக் கௌரவக் குறைவாக எண்ணும் பட்டதாரி, அந்தப் புத்தியைக் கலாசாலைக்குள்ளும் கொண்டுபோய் விடுகிறார். ஆனால் இதே தமிழ்நாட்டில் வேறொரு வழியும் உண்டு. கும்பகோணத்துக்கு அருகில் ஸ்வாமிமலையில் இன்றும் பஞ்சலோக விக்கிரகம் செய்கிறார்கள். தாளப்பிரமாணத்தை ஓலையில் அளந்து குறிப்பதும், மெழுகில் உரு அமைப்பதும், மண் பூசிக் கருவாக்குவதும், உலோகம் ஊற்றுவதும், உளிகொண்டு திருத்துவதும் ஒரே பட்டறைக்குள் நடைபெறுகின்றன. மெழுகைப் பிடிக்கும்போதே ஸ்தபதி உலோகம் எந்த வழியாக ஓடும் என்று நினைத்துப் பார்க்கிறார். ஆகாய விமானத்தை ஒரே குடும்பம் செய்ய முடியாது என்பதை நாம் அறிவோம். ஆனால் வரைகிறபோதே வார்ப்பை நினைக்கும் அந்தப் பழக்கம் விமானத்துக்கும் வேண்டியதே.

விமானம் என்றதும் தேஜஸைப் பற்றிக் கூறாமலிருக்க முடியாது. சொந்தமாக ஒரு போர் விமானம் வேண்டும் என்ற நோக்கத்துடன் 1984-ல் விமான அபிவிருத்தி ஏஜென்ஸி பெங்களூரில் அமைக்கப்பட்டது. வரையும் பொறுப்பு அதனுடையது. செய்யும் பொறுப்பு அதே பெங்களூரிலுள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஸ்தாபனத்தினுடையது. உபயோகிக்க வேண்டியது விமானப் படை. அப்படை, திட்டத்துக்கென ஒரு நிர்வாகக் குழுவை அந்த ஏஜென்ஸியில் அமர்த்தியது 2006-ல். விமானம் முதன்முதலாகப் பறந்ததோ 2001 ஜனவரி 4-ந் தேதி. ஓட்டப்போகிறவன் பலமாக உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது! வருஷத்துக்கு 8 விமானம் செய்ய வேண்டிய இடத்தில் 4 செய்வதற்கே வசதி இருந்ததை 2015-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. 2016 ஜூலையில் முதல் படைப்பிரிவு அமைந்தது. பின்னர் அது நமது கோயமுத்தூரை அடுத்த சூலூருக்கு வந்து சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் மேலும் 83 விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கப்பட்டது. அவற்றின் ஒப்படைப்பு 2024-ல் தொடங்க வேண்டியிருந்தும் அவ்வாண்டில் தொடங்கவில்லை. அமெரிக்க எஞ்சின் வருவதில் ஏற்பட்ட தாமதமும் இதற்கு ஒரு காரணம் என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

தேஜஸைச் செய்த இஞ்சினீயர்களின் திறமையையோ உழைப்பையோ நாம் குறைத்துக் கூறவில்லை. வெளி உதவி மறுக்கப்பட்ட காலங்களிலும் அவர்கள் சாதித்தவை பெருமைக்குரியவை. ஆனால் வரைகிறவர், செய்கிறவர், உபயோகிக்கிறவர் ஆகிய மூவரும் மூன்று தனிக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தால், தூரம் ஒரு மைலானாலும் ஆயிரம் மைலானாலும் ஒன்றுதான். ஒரே ஊரில் இருப்பது போதாது. ஒரே மேஜையில் இருக்க வேண்டும்.

பெரிய ஸ்தாபனங்களின் கதி இதுவானால், அவற்றுக்குச் சாமான் செய்து கொடுக்கும் அம்பத்தூர், ஓசூர், கோயமுத்தூர் சிறு பட்டறைக்காரர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படத்தை அனுப்பி, யார் குறைந்த விலை கூறுகிறாரோ அவருக்கே வேலை என்பது பெரும்பாலும் ஸர்க்கார் டெண்டர்களின் முறை. இருபது வருஷம் கடைசல் யந்திரத்தின் முன் நின்றவர், இந்த இடத்தை இப்படி மாற்றினால் பாதிச் செலவில் முடியுமே என்று கண்டுகொள்கிறார். வாயைத் திறந்தால் டெண்டர் விதிக்கு மாறு என்று அவரை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். ஆகவே, தவறென்று தெரிந்தும் படத்தில் உள்ளபடியே செய்து கொடுத்துவிட்டுப் பேசாமலிருக்கிறார். இந்த மௌனத்தின் விலையைத் தேசம் கொடுக்கிறது.

எல்லோரையும் கூட்டி வைத்தால் பேச்சு வளருமே தவிர வேலை நடக்காது. பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் போகும் என்று அனுபவஸ்தர்கள் சிலர் ஆக்ஷேபிக்கலாம். இதில் உண்மை இல்லாமலில்லை. முடிவு கூறுகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பத்துப் பேர் கையெழுத்திட்டால் ஒருவரும் பொறுப்பாளியாக மாட்டார். ஆனால் யோசனை கேட்பது வேறு. தீர்ப்புக் கூறுவது வேறு. தீர்ப்பு ஒருவரிடம் இருக்கட்டும். அதைக் கூறுமுன் பட்டறையைக் கேட்டாக வேண்டும் என்ற விதி இருக்கட்டும் என்பதே நமது கோரிக்கை.

காரியத்தில் கொண்டுவரக்கூடிய சில யோசனைகளை இங்கு வற்புறுத்துகிறோம். முதலாவதாக, ஸர்க்கார் தொழிற்சாலைகளில் வரைபட இலாகாவில் சேருகிற எந்த இஞ்சினீயரும் முதல் ஒரு வருஷம் பட்டறையில் கை வேலை செய்திருக்க வேண்டும். பார்வையிடுவது கணக்கில் சேராது. இரண்டாவதாக, எந்தப் படமும் பட்டறை மேஸ்திரி ஒருவரின் கையெழுத்தின்றி முடிவானதாகக் கருதப்படக்கூடாது. அவர் கூறும் ஆக்ஷேபத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். மூன்றாவதாக, ஒரு பொருளுக்கு ஒரே படம், ஒரே பதிப்பு, மாறுதல் செய்த அன்றே எல்லோருக்கும் தேதியுடன் அறிவிப்பு என்ற ஒழுங்கு கண்டிப்பாக அமலில் இருக்க வேண்டும். நான்காவதாக, உபயோகிக்கப்போகிறவர் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். ஐந்தாவதாக, செலவைக் குறைக்கும் யோசனை கூறும் சிறு பட்டறைக்காரருக்கு மிச்சத்தில் ஒரு பங்கு கிடைக்கும்படி டெண்டர் விதிகள் திருத்தப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை. கௌரவத்தைச் சற்று விட்டுக்கொடுக்கும் மனம் மட்டுமே வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் அருமையான பொருள் என்பதையும் நாம் அறியாமலில்லை. சட்டசபைகளிலும் தொழிற்சங்கங்களிலும் பணியாற்றும் நண்பர்கள், ஒரு தொழிற்சாலைக்கு எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அங்கே படம் வரையுமுன் பட்டறைத் தொழிலாளியை யாராவது கேட்டார்களா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். பெரம்பூரில் ஒருமுறை கைகூடியது பெங்களூரிலும் மற்ற இடங்களிலும் கைகூடாமற் போவதற்கு யாதொரு காரணமும் இல்லை. வரைகிற கையும் செய்கிற கையும் ஒரே உடம்பின் இரு கைகள் என்று தேசம் உணரும் நாள் விரைவில் வருமாக!